பூண் போட்ட இடம்

அருங்காட்சியகத்தின் மாடிப்படியில் முதலில் மடங்கியது கைத்தடி. அடுத்த நொடி விழுந்தவர், அதை ஊன்றியிருந்த வழிகாட்டி. பின்னால் ஏறிவந்த பார்வையாளர்கள் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு புடைப்பு. தடிக்குத்தான் பலத்த அடி. நடுப்பகுதியில் சுற்றியிருந்த, அவர் பெயர் பொறித்த வெள்ளிப் பூணுக்குள் அதன் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஆட்டம் கண்ட பல்லைப்போல் அசைந்தன.

விழுந்த வலியைவிட மேலாளர் சொன்ன சொல்தான் அவரை முடக்கிப் போட்டது. கால் தாங்காதவரைப் படியேற்றி வேலை வாங்க முடியாது என்றும், வெள்ளிக்கிழமை கட்டாய ஓய்வுக்கு எழுதப் போவதாகவும் மேலாளர் சொல்லிவிட்டார். கற்சிலைகளுக்கெல்லாம் கதை சொல்லி உயிர் கொடுத்த மனிதர், வீட்டில் தாமே சிலையாக உட்கார்ந்துவிட்டார்.

ஆறடியைத் தாண்டியும் வளர்வதை நிறுத்தாதவர் என்பதால் ஊரே அவரை நெட்டையர் என்றது. கடைகளில் தொங்கும் தடி எதுவும் அவர் கைக்கு எட்டாது. ஆகவே அளவு கொடுத்து, பெயர் பொறித்து, புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கியது அது. திருப்பிக் கொடுக்கப் போன அவருடைய மனைவிக்குக் கடைக்காரர் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்: பெயர் பொறித்த பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. போதாக்குறைக்கு, உங்கள் வீட்டுக்காரர் இதை வைத்து எந்தக் கதவையோ நெம்பியிருக்கிறார் என்று பழியையும் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

நெட்டையரின் தங்கை காவல் ஆய்வாளர். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர், அண்ணனின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சந்தேகப்பட மூணு பேர் இருக்காங்க. கால், கை, கடை. முதல்ல கால். படியில எந்தக் கால் வழுக்கிச்சு?”

“எதுவும் வழுக்கல. நின்னுதான் பேசிட்டிருந்தேன். தடிதான் என்னை வாரி விட்டுது.”

“சரி, கை. கதவை நெம்புனியா அண்ணா?”

“பாட்டில் மூடியத் திறக்கக்கூட உங்க அண்ணி என்னை நம்ப மாட்டா. கதவை நம்பிக் குடுப்பாளா?”

“அது உண்மைதான்,” என்று உள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“பேரை எங்க போடச் சொன்ன?”

“கைப்பிடிக்குக் கீழ. பேசும்போது கட்டைவிரல் அங்கதான் தடவிட்டிருக்கும். கடைக்காரர் பாதியில போட்டுட்டு, இதுதான் அழகுன்னார். நானும் தலையாட்டிட்டேன்.”

ஆய்வாளர் தடியைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணனின் பெயர் மூன்றே எழுத்து. பூணோ நான்கு விரல் அகலம். பூணுக்கு மேலே மரத்தின் ரேகைகள் நெருங்கி ஓடின. கீழே விலகி ஓடின. பார்த்து முடித்ததும் தடியைத் துணியில் சுற்றினார்.

மறுநாள் காலை, கடை திறந்த கையோடு மூவரும் போய் நின்றார்கள். ஆய்வாளரை அடையாளம் கண்டுகொண்ட கடைக்காரர் நாற்காலி போட்டு உபசரித்தார். ஆய்வாளர் உட்காரவில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கிய தடிகளைப் பார்த்தார்; எல்லாவற்றிலும் பூண் மோதிரம்போல் மெலிந்து, கைப்பிடியை ஒட்டியே இருந்தது. மூலையில் செதுக்காத கட்டைகள் சாத்தியிருந்தன. எல்லாம் ஒரே உயரம். ஒன்றை எடுத்து அண்ணன் பக்கத்தில் நிறுத்தினார். அவர் கைக்கு அது ஒரு சாண் குறைந்தது.

“மேடம், சட்டம் தெரிஞ்சவங்க நீங்க. இவர் பேரைப் பொறிச்சாச்சு. இதை நான் வேற யாருக்கு விக்கிறது?”

“விக்க வேண்டாம். விளக்குங்க போதும். இவர் மனசு மாறித் திருப்பிக் குடுக்க வந்திருந்தா, உங்க பலகை பேசலாம். பொருளே பழுதுன்னா பேர் இருந்தாலும் நீங்க வாங்கித்தான் ஆகணும்.”

“பழுதுன்னு எப்படிச் சொல்றீங்க? பூண்கிட்ட ஒடைஞ்சிருக்கு. நெம்புனா அங்கதான் ஒடையும்.”

“அங்கதான் எல்லாரும் ஏமாந்தாங்க,” என்றார் ஆய்வாளர். “பூண் இருந்த இடத்துல தடி ஒடையல. ஒடையப்போற இடம் பாத்துதான் பூணே போட்டிருக்கு. உங்ககிட்ட இருக்கிற கட்டை எதுவும் எங்க அண்ணன் உயரத்துக்குப் பத்தாது. ரெண்டை ஒட்டினீங்க. ஒட்டு தெரியக்கூடாதுன்னு அகலப் பூண். அவர் கேட்ட இடத்துல ஒட்டு இல்ல. அதனால பேர் இறங்கிடுச்சு. மேல ஓடுற ரேகை ஒரு மரம், கீழ ஓடுறது வேற மரம்.”

எலி கடித்த முரசின் ஓட்டைமேல் மாலையைத் தொங்கவிட்டு விற்றதாம் ஒரு நரி. வாங்கிய கரடி முறையிட வந்தபோது, மாலை போட்ட முரசைத் திரும்ப வாங்குவது எங்கள் குலத்திலேயே கிடையாது என்று கையை விரித்ததாம். கரடி வாதாடவில்லை, மாலையைக் கழற்றியது. ஆய்வாளரும் அதைத்தான் செய்யத் துணிந்தார். பட்டறை மேசையிலிருந்த சிறு ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

பூணை அறுத்தால் பெயர் போய்விடும், பிறகு தம்மைக் குறை சொல்லக்கூடாது என்று கடைக்காரர் பதறினார்.

“என் பேர்தானே, அறும்மா,” என்றார் நெட்டையர். “எனக்கு வலிக்காது.”

பூண் இரண்டாய்ப் பிளந்து விழுந்தது. உள்ளே இரு மரமுனைகளும் கத்தியால் வெட்டியதுபோல் மழமழவென்று இருந்தன. நடுவில் காய்ந்த பசை, ஒடிந்துபோன ஒரு மரமுளை. நெம்பி முறிந்திருந்தால் கிழிந்து நிற்க வேண்டிய நார் ஒன்றுகூட இல்லை.

“குற்றவாளி காலும் இல்ல, கையும் இல்ல,” என்றார் ஆய்வாளர். “நீங்க. பழுதை மறைக்கப் பேரைப் போட்டீங்க. அதே பேரைக் காட்டித் திருப்பி வாங்க மாட்டேன்னீங்க.”

கடைக்காரர் நாற்காலியில் தாமே உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தருவதாக முனகினார்.

“அது அப்புறம். முதல்ல இவர் மேலாளர்கிட்டப் பேசுங்க.”

தொலைபேசியில் மேலாளர் கிடைத்தார். தடி ஒட்டுக்கட்டை என்றும், விழுந்ததற்கு அவர் கால் காரணமில்லை என்றும் கடைக்காரர் தம் வாயாலேயே சொன்னார். எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். பிறகு மேலாளர் நெட்டையரைக் கூப்பிட்டு, ஓய்வுக்கு எழுதும் எண்ணத்தைக் கைவிட்டதாகவும், நாளைக் காலை ஒரு பார்வையாளர் கூட்டம் வருகிறது, மாடிக்கூடத்தைக் காட்ட ஆளில்லை என்றும் சொன்னார்.

“நான் இருக்கேனே,” என்றார் நெட்டையர். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வாசலுக்கு வந்து வழியனுப்பிய கடைக்காரர், நீளமான கட்டை வரவழைத்துப் புதுத் தடியே செய்து தருகிறேன், அதில் என்ன பொறிக்கட்டும் என்று தயங்கிக் கேட்டார்.

நெட்டையர் தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார்.

“ஒண்ணும் வேண்டாங்க. மரம் மட்டும் போதும்.”