கடைசி வெள்ளைப் புள்ளி

முகம் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய ஈரத்துண்டை எடுக்கப் போனவருடைய நகங்கள் சுவரைப் பிறாண்டின. மடிப்பு, நூல் பிரிந்த ஓரம், பழைய கறை எல்லாம் அப்படியே இருந்தன. துண்டு மட்டும் இல்லை. வெறும் பெயின்ட்.

ஓவியருக்குச் சிரிப்பு வந்தது. அவர் வரைந்த இந்த அறைச் சுவிட்சின் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக நேற்று வந்த வண்டிக்காரர், நிஜச் சுவிட்சென்று அதைத் தட்டிப் பார்த்து அசடு வழிந்தார். இன்று தன் முறை போலிருக்கிறது. ஆனால் துண்டை அவர் சுவரிலா வரைந்தார்? பலகையில் வரைந்து மூலையில் சாய்த்து வைத்திருந்தார். அந்த மூலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

குனிந்து தொட்டார். படத்துத் துண்டின் நுனி சில்லென்று, மெத்தென்று இருந்தது. பெயின்ட் காய்ந்த மேல்பாதி மட்டும் கட்டையாக விறைத்திருந்தது. அந்த விறைப்பு அவர் கண்ணெதிரிலேயே கீழே இறங்கியது. சொட்டுவது நின்றது.

"பாப்பாவைப் பாத்தீங்களா?" கதவுக்கு வெளியே மனைவி. "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு."

"இங்க எங்க வரப்போறா? வேலை நேரத்துல யாரையாவது உள்ள விட்டிருக்கேனா?"

"அதனாலதான் காலையில நீங்க குளிக்கப் போனப்பவே உள்ள உங்க கட்டில்ல போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா. அப்பா வரையறதைப் பாக்கணுமாம். அசையவே மாட்டேன்னு சத்தியம் வேற. நான் வெளிய வான்னு அதட்டினப்புறம் எங்கயாவது ஓடியிருப்பான்னு நெனச்சேன்... தூங்கிட்டாளோ என்னவோ."

போர்வை. காலையிலிருந்து அவர் வரைந்ததே கட்டிலில் கலைந்து கிடந்த அந்தப் போர்வையைத்தான். நடுவில் என்ன அழகான மேடு என்று தன்னையே மெச்சிக்கொண்டார். கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போனார்.

கட்டிலில் கை வைத்தார். மேடு இல்லை. மெத்தையோடு மெத்தையாக, வழவழவென்று பெயின்ட்.

திரும்பினார்.

சட்டத்தில் நின்ற படத்தில் போர்வை ஏறியது. இறங்கியது. பாய்ந்துபோய் அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தார். நகம் பிய்ந்தது. நான்கு ஓரமும் கட்டையாகியிருந்தது.

தலைக்கு மேலே மின்விசிறி. முழு வேகத்தில். பெயின்ட் சீக்கிரம் காயட்டும் என்று முந்தாநாள் அவரே போட்டுவிட்டது. சுவிட்சுக்கு ஓடினார். அழுத்தினார்.

விரல் வழுக்கியது. சுவரில் வெறும் பெயின்ட்.

"என்னங்க? உள்ள என்ன சத்தம்?"

படத்திலிருந்து தூக்கக் கலக்கத்தில் சின்னக் குரல் வந்தது.

"அப்பா... இப்ப அசையலாமா?"

மேடு ஒருமுறை ஏறியது.

இறங்கவில்லை.