உப்புக்குச் சப்பாணி

சித்தி ஊருக்கு வந்து நான்கு நாளாகிவிட்டது. அந்த ஒரு பந்தும் கூடவே வந்திருந்தது.

ஷெரினின் சித்தி மேரிசெல்வி, இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர். ஏழு ஆண்டுகளாக ஆடுகிறார். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று எழுபத்திரண்டு பேரை அவுட்டாக்கியவர். அவர் விரல்களில் மூன்று, அடிபட்டு முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கும். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதென்றால் பத்து வயது ஷெரினுக்கு அவ்வளவு பெருமை.

போன வாரம் அரையிறுதி ஆட்டம். கடைசி ஓவரில் மட்டையில் உரசி வந்த ஒரு சுலபமான பந்து சித்தியின் கையிலிருந்து நழுவிவிட்டது. ஆட்டமும் நழுவிவிட்டது.

அதற்காக மரக்காணத்தில் யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் ஆறுதல் சொல்ல வந்தார்கள். டீக்கடை காசிலிங்கம் சூடான பஜ்ஜியோடு வந்து, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும் என்றார். அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்யும் இருசப்பன், கையுறைதான் சரியில்லை என்றார். எதிர்வீட்டு சைபுன்னிசா ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்தார். அந்தப் பந்தை டிவியில் எட்டு முறை பார்த்தாராம். எட்டு முறையும் கண்ணை மூடிக்கொண்டாராம். மூடிக்கொண்டவர் எப்படிப் பார்த்தார் என்று ஷெரினுக்குப் புரியவில்லை.

ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருவரும் அந்தப் பந்தை இன்னொரு முறை வீசிவிட்டுப் போனார்கள். சித்தி சிரித்தபடி தலையாட்டினார். அவர்கள் போனதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் சித்தி மெதுவாகச் சொன்னது ஷெரின் காதில் விழுந்தது.

"பெங்களூரு கேம்ப்புக்கு நான் போகலக்கா. கண்ண மூடினா அந்தப் பந்துதான் வருது. நாளைக்கு கோச் சார் போன் பண்ணுவாரு. இனிமே ஆடலன்னு சொல்லிடப் போறேன்."

அம்மா ஏற்கெனவே புடைத்த பருப்பை இன்னொரு முறை புடைத்தார்.

ஷெரின் போய்ச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல நிறைய இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் அதுவும் அந்தப் பந்தை வீசுவதுபோல் ஆகிவிடும். அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்துச் சித்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் மாலை, உப்பளத்து ஓரமாக இருக்கும் கெட்டித் தரையில் பிள்ளைகள் கூடினார்கள். வழக்கமாக அவர்கள் பதினோரு பேர். கட்சிக்கு ஐந்து பேர் போக, மிஞ்சுகிற ஒருவர்தான் உப்புக்குச் சப்பாணி.

மற்ற ஊர்களில் அதை 'ஒப்புக்குச் சப்பாணி' என்பார்கள். பேருக்கு ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆள் என்று பொருள். எந்தக் கட்சியும் இல்லாத ஆள். மரக்காணத்துப் பிள்ளைகள் வாயில் ஒப்பு உப்பாகிவிட்டது. உப்பைக் காக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஆளை எப்போதும் ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அதற்கும் பின்னால்தான் உப்புப் பாத்தி. பந்து உள்ளே விழுந்தால் விளைகிற உப்பு கலங்கும். வேலை செய்கிறவர்கள் திட்டுவார்கள். சின்ன வயதில் சித்தியையும் அங்கேதான் நிறுத்தினார்கள். பாத்தியைக் காத்துக் காத்துத்தான் அவர் கீப்பரானார்.

அன்றைக்கு உப்புக்குச் சப்பாணியாக நிற்க வேண்டிய அஃப்னான், கல்யாணத்துக்குப் புதுச்சேரி போய்விட்டான். கீப்பர் இல்லாமல் எப்படி ஆடுவது என்று அதீப்பும் நஸ்ரியாவும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஷெரின் கொஞ்ச நேரம் பாத்தியையே பார்த்தாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள்.

"சித்தி, ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?"

"வேணாம் கண்ணு. என்ன எந்த டீம்ல போட்டாலும் சண்ட வரும்."

"டீம்லலாம் இல்ல. உப்புக்குச் சப்பாணி."

சித்தி நிமிர்ந்து பார்த்தார். "யாரு, நானா?"

"ஆமா. ரெண்டு டீமுக்கும் புடிப்பீங்க, ரெண்டு டீமுக்கும் விடுவீங்க. சரியாப் பூடும். ஆனா பாத்தியில வுழுந்தா நீங்கதான் எடுக்கணும்."

சித்தி தன் விரல்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

நஸ்ரியா முதல் பந்தை வீசினாள். அது அதீப்பின் மட்டையில் உரசி நேராகச் சித்தியின் கைக்கு வந்தது. கையில் பட்டுத் துள்ளி, பின்னால் பாத்தியில் போய் விழுந்தது.

சித்தி நின்ற இடத்திலேயே நின்றார். 'பரவாயில்ல சித்தி' என்ற சொல் ஷெரினின் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"வரப்பு மேலயே நடங்க," என்றாள். "உள்ள கால வெச்சா என்னத்தான் திட்டுவாங்க."

சித்தி வரப்பின்மேல் ஓர் அடி, இன்னோர் அடி என்று நடந்தார். குனிந்து கையை நீட்டினார். பந்து விரல் நுனிக்கு வந்த நேரத்தில் ஒரு கால் வழுக்கி, முழங்கால்வரை உப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டது.

முதலில் அதீப் சிரித்தான். பிறகு எல்லோரும். கடைசியில் சித்தியும் சிரித்தார். நான்கு நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

"சிரிக்கறியாடா? நில்லு, வர்றேன்."

அதற்குப் பிறகு அவர் வாய் மூடவில்லை. நஸ்ரியாவை இன்னும் மெதுவாகப் போடச் சொன்னார். உன் வலது கால் தூங்குகிறதா என்று அதீப்பைக் கேட்டார். அதீப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த பந்தை விளாச இரண்டடி முன்னால் ஓடி, மட்டையைச் சுழற்றினான். பந்து படவில்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது பந்து சித்தியின் கையில் இருந்தது, ஸ்டம்ப் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, நீங்க உப்புக்குச் சப்பாணி," என்றான் அழாத குறையாக. "இவ்ளோ நல்லா ஆடக் கூடாது."

அடுத்த ஓவர் ஷெரினுடையது. நான்கு பந்து போட்டிருந்தாள். சித்தியின் போன் அடித்தது. யாருடைய அழைப்பு என்று ஷெரினுக்குத் தெரியும்.

"சார், கீப்பிங்ல நிக்கறேன் சார்," என்றார் சித்தி. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "எந்த டீமுக்கா? ரெண்டு டீமுக்கும்தான்."

பிறகு தன் கோணல் விரல்களைப் பார்த்தார். பாத்தித் தண்ணீரைக் காற்று லேசாக அசைத்தது. ஷெரின் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழம காலையில அங்க இருப்பேன் சார்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சித்தி ஸ்டம்புக்குப் பின்னால் குந்தினார்.

"ஏண்டி ஷெரின், என்ன பாத்துக்கினு நிக்கற? இன்னும் ரெண்டு பந்து இருக்குது. போடு."