வழித்துத் தின்ற டப்பா

ஓஹையோவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் ஏப்ரலிலேயே அது தொடங்கிவிட்டது. காலையில் காப்பி போடச் சமையலறைக்குப் போனேன். மேசைமேல் இறைச்சி டப்பா ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே கொழுப்புப் பிசுக்குகூட இல்லை. யாரோ வழித்துத் தின்றிருந்தார்கள்.

"திருட்டுத்தனமா தின்னுட்டு முழிக்கிறதப் பாரு," என்றாள் என் மனைவி ஹேசல்.

"நான்தான் டப்பா இறைச்சியத் தொடவே மாட்டேனே."

"ஏன் தொட மாட்டே வில்பர்? ஏழு வருஷமா கேக்கறேன். வாயத் திறந்தியா?"

அவள்மீது எனக்கும் சந்தேகம்தான். வெளியாள் யாராவதோ என்று வாசல் பூட்டையும் மாற்றினேன். மறுவருடமும் அதே தேதியில் காலி டப்பா.

"அடுத்த ஏப்ரல்ல இந்தத் தேதி வர்றதுக்குள்ள உண்மையச் சொல்லு. இல்லேன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள்.

அவளை இழக்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த ஏப்ரலில், அந்தத் தேதியின் விடியலில் சொல்லிவிட்டேன்.

உலகப்போரின் கடைசியில், நாற்பத்தைந்தில், ஜெர்மனியில், கைதிகளைப் பட்டினி போட்டிருந்த சிறைமுகாம் ஒன்றை எங்கள் அமெரிக்கப் படை திறந்த நாள் அது. எங்கள் மருத்துவர் கத்தினார்: "இரக்கப்பட்டு எதையும் குடுத்துத் தொலைக்காதீங்கடா! காஞ்ச குடல், தாங்காது. கஞ்சித் தண்ணி மட்டும்!"

நான் கேட்டேனா? மக்கிய வைக்கோல் பரப்பிய படுக்கைப் பலகையில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒருவர் என்னையே பார்த்தார். என் டப்பாவைத் திறந்து நீட்டினேன். இடுப்புக் கயிற்றிலிருந்து இரும்புக் கரண்டியை அவிழ்த்தார். கத்தியாகத் தீட்டிய அதன் காம்பால் இறைச்சியின் நட்டநடுவே ஒரு கோடு கிழித்தார். எதற்கென்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் செத்துக் கிடந்தார். காலி டப்பாவை யாரும் பார்க்குமுன் ஒளித்துவிட்டேன்.

"ஒருத்தரக் கொன்னுட்டேன், ஹேசல்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியில் ஒரு டப்பாவை வைத்துப் பூட்டி, அதன் முன்னாலேயே உட்கார்ந்தோம். நன்றாக வெயில் வந்துவிட்டது.

முதலில் மக்கிய வைக்கோல் நாற்றம் வந்தது.

பிறகு, பூட்டிய அலமாரிக்குள் தகரத்தை இரும்பு சுரண்டும் சத்தம்.

ஒரு சுரண்டல். நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

மாறி மாறி.

சத்தம் அடங்கியதும் திறந்தேன். டப்பா காலி. அதன் இருபுறமும் காம்பு தீட்டிய துருப்பிடித்த கரண்டிகள், இரண்டு.

ஹேசல் என் கையை விட்டாள்.

"ஒருத்தர்னுதானே சொன்னே?"