சிசெல் பக்கத்துக் கதவு

சிசெலின் படுக்கையை ராக்னாதான் தினமும் காலையில் கலைத்து வைப்பாள். கம்பளியைப் பாதிக்கு உதறித் தள்ளி, வைக்கோல் மெத்தையில் முழங்காலை ஊன்றிப் பள்ளம் விழவைத்து, தலையணையின் நடுவில் முஷ்டியால் ஒரு குழி அமுக்கி, ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி செய்துவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். அன்று காலை அவள் எழுந்து பார்த்தபோது அந்தப் படுக்கை ஏற்கெனவே கலைந்து கிடந்தது.

நேற்று சாயங்காலம் மடித்து வைக்க மறந்திருப்போம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். குளிர்காலம் முழுக்கத் தனியாகக் கிடப்பவளுக்கு மறதி வருவதில் அதிசயம் என்ன இருக்கிறது. ஆனாலும் போய்த் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. பனி ஒட்டிய துணியை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டால் உருகி ஊறுமே, அப்படியொரு ஈரம்.

அக்காளும் தங்கையும் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து, இந்த டக்கோட்டாப் புல்வெளியில் ஆளுக்கு நூற்றறுபது ஏக்கர் எழுதி வாங்கியவர்கள். அரசாங்கம் நிலத்தைச் சும்மா தருகிறது என்றுதான் ஊரில் பேச்சு. அரசாங்கமாவது சும்மா தருவதாவது. ஐந்து வருஷம் அவரவர் நிலத்தில் உழுது, விதைத்து, அங்கேயே படுத்து எழுந்தால்தான் பட்டா. ஆளுக்கொரு வீடு கட்ட வக்கில்லாததால், அந்தப் பக்கத்தில் பலர் செய்ததையே இவர்களும் செய்தார்கள். இரண்டு நிலங்களும் தொடும் எல்லையின் மேலேயே, புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி ஒற்றை அறை எழுப்பினார்கள். மண் தரையின் நடுவில் கோடு கீறி அதில் அடுப்புச் சாம்பலை நிரப்பினார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் சிசெலின் கட்டில், இந்தப் பக்கம் ராக்னாவின் கட்டில். சாட்சி சொல்ல வருகிறவர்கள், இரண்டு பேரும் அவரவர் நிலத்தில்தான் தூங்கினார்கள் என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்லலாம்.

அடுப்பும் ஜன்னலும் ராக்னாவின் பக்கம் விழுந்தன. கதவு, வெளியே கிணறு, மாட்டுக் கொட்டகை எல்லாம் சிசெலின் பக்கம்.

"என் கதவு வழியாத்தானே போற வர, வாடகை குடுடீ" என்பாள் அக்கா.

"என் அடுப்புல குளிர் காயுறல்ல, அதுல கழிச்சுக்கோ" என்பாள் தங்கை.

முதல் வருஷங்களில் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான்காம் வருஷம் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து, கோதுமையோடு மண்வெட்டிப் பிடியைக்கூட அரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அதே வார்த்தைகளைச் சிரிக்காமல் சொல்லத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் வருஷம் குளிர் தொடங்கும்போது சிசெல் ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்குப் போதும் ராக்னா. நிலத்தை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்."

"இன்னும் ஒரே ஒரு குளிர்காலந்தானே இருக்கு."

"அந்த ஒரு குளிர்காலத்துலதான் நான் செத்துப் போவேன்."

அவள் போனால் கிணறு போகும், கதவு போகும். யாரோ ஒரு அந்நியன் வந்து பாதி வீட்டில் உட்காருவான். தண்ணீரில்லாத நூற்றறுபது ஏக்கரை வைத்துக்கொண்டு ராக்னா என்ன செய்வாள்? அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கோட்டின் மேலே ஒரு திரையும் தொங்கியது.

முதல் பனிப்புயல் அடித்தபோது சிசெலுக்குக் காய்ச்சல் கண்டது. இருட்டில் திரைக்குப் பின்னாலிருந்து, "ராக்னா, கொஞ்சம் தண்ணி" என்றாள். ராக்னா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வாளி நான்கடி தூரத்தில் இருந்தது.

"கிணறு உன் பக்கந்தானே இருக்கு. எடுத்துக் குடி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா கொஞ்ச நேரம் கூப்பிட்டாள். அப்புறம் பேரை மட்டும் சொன்னாள். விடியும்போது சத்தமில்லை.

ராக்னா அழுதாள், அது பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டே கணக்கும் போட்டாள். ஐந்து வருஷம் முடியுமுன் ஆள் செத்தால் நிலம் அரசாங்கத்துக்கே திரும்பிவிடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். தகரப் பெட்டியில் இருவர் காகிதங்களும் பத்திரமாக இருந்தன. அவை இங்கிலீஷில் இருந்தன. இருவரில் ஒருத்தியும் வாசித்ததில்லை. வசந்தத்தில் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும்போதுதான் வருஷக் கணக்கு முடியும். அதுவரை சிசெல் உயிரோடு இருந்தாக வேண்டும்.

எப்படியும் நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது, குழி வெட்ட வழியில்லை. அக்காளைக் கம்பளியில் சுற்றிக் கொட்டகைக்கு இழுத்துப்போய் வைக்கோலுக்குள் கிடத்தினாள். அந்தக் குளிரில் உடம்பு நேற்றுச் செத்த உடம்பாகவே இருக்கும். வாத்துகள் வந்ததும் மேட்டு வீட்டு ஹால்வரிடம் ஓடிப்போய், "அக்கா ராத்திரி போயிட்டா" என்று அழுதால் போதும். எப்படி அழுவது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

செத்தவளை உயிரோடு வைத்திருப்பது லேசான வேலையில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும்படி கொடியில் இரண்டு பாவாடைகள். மேசையில் இரண்டு குவளைகள். கலைந்த படுக்கை. இத்தனையும் குறையாமல் செய்துவந்தாள், இப்போது யாரோ அவளுக்கு ஒத்தாசை செய்கிறார்கள்.

படுக்கைக்குப் பிறகு வாளி. அவள் நிரப்பி வைத்த தண்ணீர் காலையில் நாலு விரல் இறங்கியிருக்கும், அகப்பையின் விளிம்பில் மெல்லிய பனித்தோல் படிந்திருக்கும். எலியாக இருக்கும் என்றாள் தனக்குள். எலி அகப்பையால் மொண்டு குடிக்குமா என்று அவளே கேட்டுக்கொண்டாள். அப்புறம் சத்தம். மரமே இல்லாத அந்த வெளியில் காய்ந்த புல்லை முறுக்கி முடிந்துதான் அடுப்பெரிக்க வேண்டும். புல்லை முறுக்கும்போது எழும் கிறீச்சென்ற சின்னச் சத்தம் பொழுது புலரும் வேளையில் திரைக்குப் பின்னால் கேட்டது. கேட்டு, நின்று, மறுபடி கேட்டது. கூடவே நனைந்த கம்பளி வாடை. எழுந்து பார்த்தால் அடுப்பருகே அவள் முறுக்காத முறுக்குகள் நாலைந்து அடுக்கியிருந்தன. முறுக்கு எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தது. சிசெல் இடது கைக்காரி.

அவற்றை அடுப்பில் போட்டாள். எரியவில்லை. உஸ்ஸென்று தண்ணீர்தான் வடிந்தது.

அன்று பிற்பகல் ஹால்வர் வந்தார். அவர்தான் இருவருக்கும் சாட்சி. மனைவி கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, தாடியிலிருந்து பனியை உதறிக்கொண்டே அடுப்பருகே உட்கார்ந்தார்.

"அக்கா எங்க? பாவாடை ரெண்டு ஆடுறதைத் தினம் பாக்குறேன், ஆளைத்தான் காணோம்."

"படுத்திருக்கா அண்ணே. நெஞ்சுல சளி."

"ஏ சிசெல்" என்று அவர் திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "என்னம்மா, தங்கச்சி உன்னைப் பட்டினி போடுறாளா?"

"தூங்குறா, எழுப்பாதீங்க."

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வறண்ட இருமல். பிறகு தெளிவாக, சிசெலின் குரலில், "கொஞ்சம் தண்ணி" என்றது.

ராக்னாவின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. ஹால்வர் அவளையே பார்த்தார்.

"காது கேக்கலியா பொண்ணு?" என்று கடிந்துகொண்டு, தானே எழுந்து அகப்பையில் தண்ணீர் மொண்டு, கோட்டைத் தாண்டித் திரைக்குள் கையை நீட்டினார். மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. அகப்பை காலியாகத் திரும்பி வந்தது. அவர் விரல்களைக் கால்சட்டையில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டார்.

"கை என்ன இப்படிப் பனிக்கட்டியா இருக்கு? அடுப்புக்கிட்ட கொண்டாந்து படுக்க வெச்சா என்ன? கோடு தாண்டினா பட்டா பறந்து போயிடுமா?"

ராக்னா அகப்பையை வாங்கி வாளிக்குள் போட்டாள்.

"சட்டத்துக்கு இப்படியா பயப்படுவாங்க" என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "தெக்க ஒரு பையன், ரெண்டாம் வருஷமே குதிரை உதைச்சுச் செத்தான். நிலம் எங்க போச்சுங்குற? அவன் அம்மாவுக்குத்தான். எந்த வருஷம் செத்தாலும் சொந்தக்காரங்களுக்கு உண்டாம். நில ஆபீஸ்காரன் வாசிச்சே காட்டினான். உங்க பெட்டியில இருக்குற காகிதமும் அதேதான்."

அவர் குல்லாயை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வடமேற்கே வானம் ஈயமாகக் கறுத்திருந்தது. "இது அடிக்கும். நான் ஓடுறேன். அக்காவைப் பாத்துக்க" என்றார்.

கதவு மூடிய பிறகும் ராக்னா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா செத்த அன்று காலையே ஹால்வர் வீட்டுக்கு ஓடியிருக்கலாம். நாலு பேர் வந்திருப்பார்கள், பைபிள் சங்கீதம் பாடியிருப்பார்கள், சவப்பெட்டி செய்திருப்பார்கள். கிணறும் கதவும் தானாகவே அவள் கைக்கு வந்திருக்கும். இத்தனை வாரம் கூடப்பிறந்தவளை வைக்கோலில் மாட்டோடு கிடத்தியது ஒன்றுக்கும் உதவாத வேலை. முதலில் அவளுக்கு வந்தது ஆத்திரம். பாடுபட்டது வீணாய்ப்போனதே என்கிற ஆத்திரம். அது தனக்கே தெரிந்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"அக்கா" என்றாள்.

திரையை விலக்கினாள். படுக்கை கலைந்து கிடந்தது. தலையணைக் குழியில் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது. ஆளில்லை. சாம்பல் கோட்டில் மட்டும் ஒரு வெறுங்கால் தடம், விரல்கள் ராக்னாவின் கட்டிலை நோக்கி.

கொட்டகையைப் பார்த்தாக வேண்டும். அவள் அங்கேதான் கிடக்கிறாள் என்று கண்ணால் பார்த்தால் போதும். அப்படியே ஹால்வரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

வெளியே புயல் இறங்கியிருந்தது. வானமும் தரையும் ஒன்றாகி, நீட்டிய கை தெரியாத வெள்ளை. கதவிலிருந்து கொட்டகைக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்று மூச்சைப் பிடுங்க, குனிந்தபடி போனாள். கொட்டகைக்குள் பசு தும்பு அறும் மட்டும் விலகி, சுவரோடு ஒட்டி நின்று, வைக்கோல் போரையே பார்த்துக்கொண்டிருந்தது. ராக்னா இரண்டு கையாலும் வைக்கோலை வாரினாள். கம்பளி கிடைத்தது. நாலாக மடித்து வைத்திருந்தது. அதனடியில், உடம்பு கிடந்த வடிவத்திலேயே ஒரு பள்ளம்.

காலி.

அவள் கயிற்றைப் பற்றித் திரும்பினாள். விழுந்தாள். எழுந்தாள். கதவைத் தள்ளினாள். உள்ளே குறுக்குக் கட்டை போட்டிருந்தது.

"அக்கா. கதவத் திற."

காற்று. உள்ளே காலடி ஓசை. மெதுவாக வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"கதவு என் பக்கம் ராக்னா."

"அக்கா, குளுருது. செத்துருவேன்."

"அடுப்பு உன் பக்கந்தானே இருக்கு" என்றது குரல். கோபமே இல்லாத குரல். "போய்க் குளிர் காயி."

காலடி ஓசை விலகிப் போனது. ராக்னா கதவை அடித்தாள். கத்தினாள். கத்தியதைக் காற்று கொண்டுபோனது. கயிற்றை விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். விரல்களில் உணர்வில்லை. ஜன்னல் கைக்குத் தட்டியது. கண்ணாடியில் படிந்த பனியை முழங்கையால் தேய்த்தாள்.

உள்ளே விளக்கு எரிந்தது. அடுப்பு நன்றாக எரிந்தது. மேசையில் இரண்டு குவளைகள். கொடியில் போட எடுத்து வைத்த மாதிரி, நாற்காலிமேல் இரண்டு பாவாடைகள். சிசெல் முதுகைக் காட்டி நின்றாள். தலைமுடியில் வைக்கோல். அவள் கோட்டைத் தாண்டி வந்தாள். ராக்னாவின் கட்டிலருகே குனிந்தாள்.

கம்பளியைப் பாதிக்கு உதறித் தள்ளினாள். மெத்தையில் முழங்காலை ஊன்றினாள். தலையணையின் நடுவில், இடது முஷ்டியால், ஒரு குழி அமுக்கினாள். பிறகு கதவருகே போய் நின்று, அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.