மூணு சுத்து போதாது

"மைனி, குதிங்க! அடுத்த அலை வர்றதுக்குள்ள குதிங்க!"

கத்தியபடியே விண்ணரசி, நங்கூரமிட்ட வள்ளத்திலிருந்து ஒட்டகப்பாறையில் தாவினாள். பின்னாலேயே மைனி அமலி. இருவரும் தேடி வந்தது பிரிட்டோவை. விண்ணரசிக்கு அண்ணன், அமலிக்குப் புருஷன். பூட்டனாரின் தோணியோடு அங்கே மூழ்கிய வெண்கல மணியை எடுக்கிறேன் பேர்வழி என்று நேற்றுத் தனியாகக் கிளம்பிய மகராசன்! இன்று காலை அவன் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியிருந்தது.

பாறையிலிருந்த குகைக்குள் குனிந்து நுழைந்தார்கள்.

"அண்ணே!"

"இங்கதான் இருக்கேன்!"

உயிரோடு இருக்கிறான்! விண்ணரசிக்குப் போன மூச்சு திரும்பியது. கால் வீங்கிக் கிடந்தான் பிரிட்டோ. மடியில் பச்சை பூத்த மணி.

"அந்த மணிக்கே தாலி கட்டியிருக்கலாம்ல!" என்று அமலி அழுதுகொண்டே திட்டினாள்.

"நேத்து கடல் ஏறினப்ப இந்த மேல்திட்டுல ஏறித் தப்பிச்சேன். விடிஞ்சதும் இறங்கையில காலு முறிஞ்சுபோச்சு. அமலி, கடல் ஏறுது பாரு!"

உண்மைதான். குகை வாயில் அலை நுரைத்தது. முறிந்த காலோடு அவனை நீந்த வைக்க முடியாது, திட்டில் ஏற்றவும் முடியாது. தரையில் விட்டால் அலை பாறையில் மோதியே கொன்றுவிடும். தண்ணீர் வடியும்வரை அவனை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும்!

பிரிட்டோவின் பையில் புதுத் தூக்குப்படுக்கையும் தார்ப்பாயும் இருந்தன. கட்டுவதற்குப் பேனா ரீஃபில் கனத்தில் பளபளவென்று ஒரு கயிறு.

"இதுவா தாங்கும்?"

"யானையே தொங்கலாம்னு கடைக்காரன் சொன்னான்."

எதிரெதிர்ப் பாறைக் கொம்புகளில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள் விண்ணரசி. படுக்கையின் இரு முனைக் கயிற்று வளையங்களையும் அந்தக் கயிறுகளில் சுற்றி முடிச்சிட்டாள். பாரமில்லாதபோது தள்ளினால் நகரும், பாரம் இழுத்தால் கவ்விக்கொள்ளும் முடிச்சு அது. அவர்கள் கரையில் அதற்கு மூன்றே சுற்று, சுற்றுக்கு ஒரு பேர். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி!" அதற்குமேல் சுற்றினால், விசுவாசம் இல்லாதவன் என்று கேலி செய்வார்கள்.

அமலி முதுகு கொடுத்துத் தூக்க, விண்ணரசி முடிச்சுகளை மாறி மாறி மேலே தள்ளினாள். பிரிட்டோ இடுப்புயரத்தில் தொங்கினான். அலைச்சாரலுக்கு மறைப்பாகத் தார்ப்பாயையும் அதே முடிச்சில் கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய் சர்ரென்று சரிந்து, தேங்கிய தண்ணீரை அவள் தலையில் கொட்டியது. பிரிட்டோ சிரித்தான். அடுத்த நொடி அவன் தலைமாட்டு முடிச்சும் சறுக்கியது. சிரிப்பு நின்றது!

"விண்ணு, இறங்குதுடி!"

தண்ணீர் தொடையைத் தொட்டது. விண்ணரசி தடவிப் பார்த்தாள். தேங்காய்நார்க் கயிற்றில் பிசிறு இருக்கும், முடிச்சு பிடித்துக்கொள்ளும். இதுவோ விலாங்குபோல் வழுவழுத்தது.

"இன்னும் சுத்தணும் மைனி. ஆனா மூணு பேருதானே..."

"ஏட்டி, பரலோகத்துல வேற ஆளே இல்லையா? கூப்பிடு!"

அமலி மறுபடி முதுகைக் கொடுத்துப் புருஷனைத் தாங்கினாள். விண்ணரசி முடிச்சை அவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்துச் சுற்றினாள். மூன்று முடிந்தது. "இயேசு! மரி! சூசை!" ஆறு! சுற்றுகளைச் சேர்த்து இறுக்கினாள். கால்மாட்டிலும் ஆறு.

"விடுங்க மைனி!"

அமலி விலகினாள். கயிறு விறைத்தது, முடிச்சு கவ்வியது. இடுப்பளவு அலை வந்து படுக்கையின் அடியை நனைத்துவிட்டுப் போனது. முடிச்சு ஒரு நூல்கூட நகரவில்லை! பெண்கள் இருவரும் அந்தக் கயிறுகளையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அமலி கணவனின் நெற்றியில் கைவைத்து, அப்பாடா என்று விம்மினாள்.

தண்ணீர் வடிந்ததும் படுக்கையோடு அவனைத் தூக்கி வள்ளத்தில் கிடத்திக் கரை சேர்ந்தார்கள். மணியோசை கேட்டு ஊரே கடற்கரைக்கு ஓடி வந்தது.

"ஆறு சுத்தா? மூணு போதாதாக்கும்?" என்று நடந்ததைக் கேட்டுச் சிரித்தார் மாமா வியாகுலம்.

"கயிறு மாறினா கணக்கும் மாறணும் மாமா!" என்றான் பிரிட்டோ.

காலில் மாவுக்கட்டோடு அவன் வீடு திரும்பிய அன்று, அதே வழுக்குக் கயிற்றால் அமலியே மணியை வாசலில் கட்டினாள். ஆறு பேரையும் சொல்லிச் சுற்றியவள், ஏழாவதாக ஒரு சுற்றுச் சுற்றி, "விண்ணரசி" என்றாள்.

"விண்ணுக்கு அரசின்னு மாதாவையா சொன்ன?" என்று கேட்டான் பிரிட்டோ.

"உங்க தங்கச்சியச் சொன்னேன்" என்றாள் அமலி.