பதினொரு முட்கள்

கடலாழத்தில் இன்னும் பெயரிடப்படாத உயிர்களுக்காகவே தன் வாழ்வை அர்ப்பணித்தவர் முனைவர் அந்தோணிராஜ். கடலை அவர் இருமுறை பார்த்திருக்கிறார். இரண்டும் வேளாங்கண்ணிக்குப் போனபோது. உலகுக்கு அவர் அளித்த புதிய மீன் இனம் உக்கடம் மார்க்கெட்டில் வாங்கியது.

அதன் முதுகுத் துடுப்பில் பதினொரு முட்கள். நெருங்கிய இனங்களுக்குப் பத்துதான். அந்த ஒற்றை முள்ளை நம்பித்தான் மீனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். மூன்று மணிக்கு வரும் குழு எண்ணிச் சரிபார்த்துவிட்டால் துறைத்தலைவர் பதவி.

இரண்டரைக்கு அவரே ஒருமுறை எண்ணினார். பன்னிரண்டு.

ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, எக்ஸாஸ்ட் ஃபேன் எதிலோ தட்டித் தட்டிச் சுற்ற, மூடிய சன்னலையும் மீறி அவிநாசி ரோட்டு ஹாரன்கள் உள்ளே கசிய, இடது கையால் மீனைத் தட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசி முனையால் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டு மறுபடி எண்ணினார். செத்து மூன்று மாதமான மீனின் துடுப்பு, ஊசி பட்ட இடத்தில் மெல்ல விரிந்து கொடுத்தது.

பதிமூன்று.

“ஏனுங்க சார், கிளவுஸ் போட்டுக்கலீங்களா? வெரலெல்லாம் மரத்துப்போயிருமுங்க,” என்றாள் உதவியாளர் ஷைலா. ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவள் பெயரை அவர் நீக்கிய பிறகும் மரியாதையில் குறை வைக்காதவள்.

“நீ எண்ணும்மா.”

குனிந்து எண்ணினாள். “பதினாலுங்க. கடைசி ஒன்னு எண்ணறப்பவே மொளச்சுதுங்க.” பின்னாலேயே நகர்ந்தாள். “கட்டுரைல என்ற பேரு இல்லாததும் நல்லதாப் போச்சுங்க சார். நான் வெளிய நிக்கறனுங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

எலும்பு வெட்டும் கத்தரியை எடுத்தார். மூன்று அதிகம். மூன்றுதானே.

நறுக்.

மீன்முள் இவ்வளவு தடிமனாக இருக்குமா?

நறுக்.

தட்டுத் தண்ணீர் சிவந்தது. வலி இல்லை. செத்த மீனுக்கு ஏது வலி.

நறுக்.

எண்ணினார். பதினொன்று. ஆண்டவரே. பதினொன்று.

கதவு திறந்தது. குழுத் தலைவி விமலாராணியும் மற்ற இருவரும். “வாங்க மேடம். பாருங்க,” என்று துடுப்பைச் சுட்டிக்காட்ட இடது கையை நீட்டினார். நீட்டிய கையில் சுட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தட்டில் கிடந்த மூன்றில் ஒன்று கல்யாண மோதிரம் அணிந்திருந்தது. மீன் தன் பதினொரு முட்களையும் நிதானமாக மடக்கிக்கொண்டது.

அது சங்கரா மீன். சில சங்கராவுக்குப் பதினொரு முள் இருக்கும்.