கூரை இல்லாத வீடு

அந்த வகுப்பில் எல்லோரும் அவளைச் 'சாவி' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி அறைக்கான நிர்வாகக் கடவுச்சொல்லை டீச்சர் அவளிடம் ஒப்படைத்திருந்ததால் வந்த பட்டப்பெயர். யாருக்குப் புதுக் கணக்கு, யாருடைய கணக்கை நீக்குவது, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பதெல்லாம் அவள் கையில். பெருமையான வேலைதான். ஆனால் கொஞ்ச நாளாக அது அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

காரணம், அரட்டை. அரட்டை அவளுடைய உயிர்த்தோழி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அவள் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, ஒரு மழை நாளில் வீட்டையே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. அரட்டையின் அம்மாவை போனில் அழைத்தால், அப்படி ஓர் எண்ணே இல்லை என்று ஏதோ ஒரு குரல் சொன்னது.

"அரட்டையோட கணக்கை எடுத்துடும்மா," என்று டீச்சர் அப்போதே சொல்லியிருந்தார். "ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு போட முடியும். புதுசா வந்த பையனுக்கு வேணும்ல?"

"அடுத்த வாரம் பண்ணிடறேன் டீச்சர்."

அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. திரையில் அரட்டையின் பெயரைப் பார்த்தால், அவள் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பதுபோல் இருந்தது. அதை அழிக்கச் சாவிக்குக் கை வரவில்லை.

புதுப் பையனை வகுப்பே 'புதுசு' என்றது. போயும் போயும் அவன் அரட்டையின் நாற்காலியில்தானா உட்கார வேண்டும்? "விருந்தினர் கணக்குல போய்ப் பண்ணு," என்று முதல் நாள் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு சாவி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றும் வெளியே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. புதுசு திரையில் ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தான். முதலில் கதவு, பிறகு ஜன்னல், பிறகு சுவர். சாவிக்கு ஏதோ உறுத்தியது. போன வாரமும் இவன் கதவைத்தானே வரைந்தான்?

"ஏன் எப்பவும் கதவுலேர்ந்தே ஆரம்பிக்கிற? போன வாரம் வரைஞ்சது என்னாச்சு?"

"காணாமப் போயிடுது," என்றான் அவன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது. எனக்குத்தான் சேமிக்கத் தெரியலைன்னு நினைச்சேன்."

சாவிக்குச் சுருக்கென்றது. விருந்தினர் கணக்கு அப்படித்தான். கணக்கைவிட்டு வெளியேறியதும் வரைந்ததையெல்லாம் துடைத்துவிடும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பீங்க."

"அது யார் வீடு?"

"எங்க வீடு. இப்ப இல்ல, இடிச்சுட்டாங்க. மறந்து போறதுக்குள்ள வரைஞ்சுடணும்னு பார்க்கறேன். ஆனா கூரை வரதுக்குள்ள மணி அடிச்சுடுது." அவன் குரல் இறங்கியது. "இன்னைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னு குழம்பிப் போச்சு."

மணி அடித்தது. அவன் வெளியேறினான். கதவும் ஜன்னலும் சுவரும் போயின.

மதியம் சாவி சாப்பிடப் போகவில்லை. ஒரு பெயரைக் கட்டிக்கொண்டு அழுததில், இன்னொருவன் வீட்டை வாராவாரம் இடித்திருக்கிறோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. டீச்சரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கணினி அறைக்குப் போனாள்.

அரட்டையின் கோப்புகள் வரிசையாகத் திரையில் தெரிந்தன. ஒரு சொடுக்குப் போதும், திறந்துவிடலாம். என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பாளோ? சாவியின் விரல் துறுதுறுத்தது. ஆனால் எட்டிப் பார்ப்பதற்காக அவளிடம் யாரும் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. அவள் எதையும் திறக்காமல், எல்லாவற்றையும் அப்படியே டீச்சரின் கணக்குக்கு மாற்றினாள். யாரெல்லாம் திறக்கலாம் என்று கணினி கேட்டது. டீச்சரின் பெயரை மட்டும் வைத்துவிட்டுத் தன் பெயரை நீக்கினாள்.

"உன் பேரையே எடுத்துட்டியா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். இருந்தா என்னைக்காவது திறந்து பார்த்துடுவேன். அவ வந்து கேட்டா நீங்க குடுங்க."

"வருவாளான்னு தெரியலையேம்மா."

"வரலைன்னாலும் பத்திரமா இருக்கட்டும்."

பிறகு அரட்டையின் கணக்கை நீக்கினாள். பெயர் போன இடம் வெறுமையாக இருந்தது. சாவி கொஞ்ச நேரம் அழுதாள். டீச்சர் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த கணினி வகுப்பில் அவள் புதுசின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள். "இங்க உன் பேரை அடி. கீழ கடவுச்சொல். நான் பார்க்க மாட்டேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் தன் பெயரைத் தானே அடித்தான். பிறகு கதவு வரைந்தான். ஜன்னல் எந்தப் பக்கம் என்று வெகுநேரம் யோசித்து, இடப்பக்கம் வைத்தான். சுவர் எழுப்பினான்.

"இப்ப வெளியேறு."

"போயிடுமே."

"போகாது. நீயே பாரு."

அவன் பயந்து பயந்து வெளியேறினான். மறுபடி நுழைந்தான். வீடு அங்கேயே நின்றது. நம்பாமல் இன்னொரு முறை வெளியே போய் வந்தான். அப்போதும் நின்றது.

மணி அடித்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுந்தான்.

"கூரை இன்னும் போடலையே," என்றாள் சாவி.

"அதுக்கென்ன, அடுத்த வாரம் போட்டுக்கலாம்," என்றான் அவன்.